கடைசி மூன்று எழுத்து

வெளிநாட்டு வங்கியின் குறியீட்டில் கடைசி மூன்று எழுத்து விட்டுப்போனால் பணம் நடுக்கடலில் விழுந்துவிடும் என்று மக்கள் நம்புகிறார்கள். பெரும் பிழை, இனியும் பொறுப்பதற்கில்லை. வங்கி, நாடு, ஊர் எல்லாம் எட்டு எழுத்திலேயே அடங்கிவிடும். மிச்சம் மூன்றும் கிளைக்கு. அவை இல்லையென்றால் தலைமை அலுவலகம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இது ஜோர்டானில் ஒரு வங்கியின் இர்பித் நகரக் கிளையில் வேலை பார்க்கும் ருதைனாவுக்குத் தெரியும். பக்கத்து கவுன்டர் ஹைதமுக்கும் தெரியும். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

கனாஃபா இனிப்புக் கடைக்காரர் அபு சுஹைப் மாதாமாதம் வருவார், கடையை ஏற்காமல் புகாரெஸ்டுக்கு ஓவியம் படிக்கப் போன மகனுக்குப் பணம் அனுப்ப. அபு சுஹைப், அதாவது சுஹைபின் அப்பா என்று மகன் பெயரால்தான் ஊரே அவரைக் கூப்பிடும். அவர் மட்டும் ‘அந்தப் பயல்’ என்பார். பயல் செய்தியில் அனுப்பிய குறியீட்டைக் காட்டுவார்.

“எட்டுதான் இருக்கு, அபு சுஹைப். மிச்சம் மூணு? பையனைத்தான் கேக்கணும்” என்பான் ஹைதம்.

அவர் முனகிக்கொண்டே ஜன்னலோரம் போய் போன் போடுவார். திரும்பிவர அரை மணி நேரம் ஆகும்.

இந்த மாதம் ஹைதம் விடுப்பு. ருதைனா இரண்டே நிமிடத்தில் வேலையை முடித்தாள்.

“எட்டே போதும் மாமா. இத்தனை நாளும் ஹைதம் உங்களைச் சும்மா அலைக்கழிச்சிருக்கார்.”

“அப்ப அந்தப் பயலுக்குப் போன் போட வேண்டாமா?”

“வேண்டவே வேண்டாம்.”

அவர் கையிலிருந்த போனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டார். நன்றி சொல்லாமலே போனார்.

இரண்டு நாள் கழித்து வங்கிக்கு ஓர் அழைப்பு. ருதைனா எடுத்தாள்.

“ஹைதம் அண்ணன் இல்லையா? நான் சுஹைப், புகாரெஸ்டிலிருந்து. பணம் வந்துடுச்சு. ஆனா அப்பா கூப்பிடவே இல்ல. எட்டு எழுத்துதானே அனுப்பினேன்?”

“தெரிஞ்சேவா?”

“வேற எதுக்கும் அவர் என்கூடப் பேச மாட்டார், அக்கா. நாலு வருஷமாச்சு. இது ஹைதம் அண்ணன் சொல்லிக்கொடுத்த வழி.”

ருதைனா உடனே கனாஃபா கடைக்குப் போன் போட்டாள்.

“மாமா, தப்பு என்னோடது. அந்த மூணு எழுத்து இல்லாம ஆகாதாம்.”

“எனக்கு அப்பவே சந்தேகம்தான், மகளே” என்றார் அவர். “நீ வை, லைனை விடு.”

அங்கே வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை ஹைதம் வேலைக்குத் திரும்பியபோது, ருதைனாவின் கவுன்டர் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: பதினோரு எழுத்தும் கட்டாயம்.