இருபத்திரண்டு கிலோமீட்டர்

"பேட்டரி, பிளக், பெட்ரோல் எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஏன் கிளம்பலன்னு தெரியல," என்றார் என் காரைப் பார்த்த மெக்கானிக்.

எனக்குக் கூசியது. போன மாதம் பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன்டி," என்று கெஞ்சினார். மதியத் தூக்கம் கெடுமே என்று, "பழைய வண்டி, ஸ்டார்ட் ஆகல பெரியம்மா," என்று பொய் சொன்னேன். மறுநாள் இறந்துவிட்டார். அன்றிலிருந்து வண்டி உண்மையாகவே கிளம்பவில்லை.

"போன வாரம் நான் மீட்டர்ல பாத்துக் குறிச்சதவிட இருபத்திரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கே. யாரு ஓட்டினது?"

ஆஸ்பத்திரிக்குப் போய்வர இருபத்திரண்டுதான்.

"யாரும் ஓட்டல."

"பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருந்தச் சொல்லுங்கக்கா," என்று சிரித்தார்.

பெரியம்மாவுக்கு சீட் பெல்ட் மாட்டத் தெரியாது. எப்போதும் நான்தான் மாட்டிவிடுவேன்.

பின்சீட்டில் அவர் உட்காரும் பக்கம் பெல்ட் மாட்டியிருந்தது.