மிச்சம் இரண்டு

ஞாயிற்றுக்கிழமை. லெனாட் பல் விளக்குகிறான், முகம் கழுவுகிறான், தேத்தண்ணி குடிக்கிறான். பூசைக்குச் சட்டை எடுக்க அலுமாரியைத் திறந்தால், மனைவி ஜெசிதாவின் சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டி சரிந்து விழுகிறது. அவள் செத்து மூன்று மாதம். கனடாவிலிருந்து அவளுடைய அக்கா அனுப்பிய, தோலில் ஒட்டும் கருத்தடை மருந்து. வாரத்துக்கு ஒரு துண்டு. மூன்று வாரம் ஒட்டி நாலாம் வாரம் விடவேண்டும். மூன்று இருந்த பெட்டியில் இரண்டு மிச்சம். ஒன்றை எடுத்துச் சன்னல் வெயிலில் பிடிக்கிறான். ஒட்டுகிற ஞாயிறுகளில் அதை அவள் தோள்பட்டையில் ஒட்டி, பத்து எண்ணும் மட்டும் உள்ளங்கையால் அழுத்துவது அவன் வேலை. அவள் எண்ணமாட்டாள், 'அருள் நிறைந்த மரியே' சொல்லுவாள். "மாதாவிட்டைச் சொல்லிப்போட்டோ உதை ஒட்டுறாய்?" என்று பகிடி பண்ணுவான். குசினியிலிருந்து அவளுடைய தாய் யோசப்பீன் வருகிறாள், மீன் வெட்டிய விரலில் இரத்தம். "தம்பி, உந்தப் பிளாஸ்டரிலை ஒண்டு தாங்கோ." "இது பிளாஸ்டர் இல்லை, மாமி." "அப்ப என்ன?" மகளுக்குப் பிள்ளை வேண்டி மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தவள் அவள். லெனாட் துண்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கிறான். ஒரு துளி இரத்தம் சீமெந்துத் தரையில் விழுகிறது. பிள்ளைக்கு இரண்டு வருடம் போகட்டும் என்றவள் ஜெசிதாதான். அவளைப் பஸ் அடித்த அந்த ஞாயிறு, இரண்டாவது துண்டோடு அவன் நின்றான். அவளுக்குக் கோயில் பாட்டுக்குழுவுக்கு நேரமாகிவிட்டது. பிள்ளை வேண்டுமென்று நினைத்தாளோ, வெறும் அவசரமோ, அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. செருப்பைக் கொழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "இண்டைக்கு வேண்டாம். பூசை முடிஞ்சு வந்து சொல்லுறன்."