யூரியா போட விடமாட்டேன்

"இந்தப் புல்வெளிக்குள்ள உரம் போட வந்தீங்க, டிராக்டரை என்மேல ஏத்திட்டுத்தான் போகணும்!"

மண்பாதையை மறித்துக்கொண்டு நின்றாள் சதோமி.

வெளியூர் கன்றுச் சந்தைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பிய ஹிதேகிக்குத் தன் மனைவியா இப்படிக் கத்துகிறாள் என்றிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினான்.

பனி உருகி, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ முழுக்கப் புல் துளிர்க்கும் மே மாதம். பக்கத்துப் பண்ணை ஓபாரா டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். பின்னால் உரம் தூவும் இயந்திரம், நிறைய யூரியாவோடு. கீழே ஹிதேகியின் அப்பா கின்சாகு கோபத்தோடு நின்றார்.

"கேட்டியாடா உன் பொண்டாட்டி பேச்சை? பனி உருகினதும் யூரியா போடணும். இப்ப விட்டா முதல் அறுப்புக்குப் புல்லே இருக்காது. குளிர்காலத்துல மாடு எதைத் தின்னும்?"

"இதுல பாதி குளோவர்ங்கற தீவனச்செடி, மாமா. அது தனக்கு வேணுங்கற சத்தைக் காத்துலேர்ந்தே எடுத்துக்கும். இப்ப யூரியா விழுந்தா புல்லு மளமளன்னு எழும்பி அதை அமுக்கிடும். முதல் அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்."

"சப்போரோ டவுன்ல பூக்கடையில நின்னவ, எனக்குப் பாடம் சொல்றா!"

ஓபாரா சிரித்தார். "கொட்டகையில யூரியா ஒரு மூட்டைகூட இல்லைன்னு கின்சாகு அண்ணன் போன் பண்ணாரேன்னு என் வேலையைப் போட்டுட்டு வந்தேன். இந்த வீட்டுல யார் பேச்சு செல்லும்னு முதல்ல முடிவு பண்ணுங்கப்பா."

"என் பேச்சுதான்," என்றாள் சதோமி. "திருப்புங்க வண்டியை."

ஹிதேகிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "வழி விடு சதோமி. அப்பாகிட்ட மன்னிப்புக் கேளு."

"கேக்கமாட்டேன்."

"ஊரே உன்னைப் பத்திப் பேசும்."

"பேசட்டும். அடங்காப்பிடாரின்னு சொல்லட்டும். ஒரு குருணை யூரியாகூட உள்ளே போகாது."

ஓபாரா உதட்டைப் பிதுக்கிவிட்டு வண்டியைத் திருப்பினார். கின்சாகு யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

ஹிதேகி வெடித்தான்.

"கல்லும் வேருமாக் கிடந்த நிலத்தைப் புல்வெளியாக்கினவர்டி அவர்! ஊரான் எதிர்ல அவமானப்படுத்திட்டியே. இப்பவே ஓபாராவைத் திரும்பக் கூப்பிடறேன்."

"தாராளமாக் கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி உள்ளே போய்க் குனிஞ்சு பாருங்க."

வீம்புக்கு இறங்கினான். நாலடி வைத்ததும் நின்றுவிட்டான். துளிர்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்க் குருணைகள், பனி ஈரத்தில் பாதி கரைந்தபடி. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அப்படித்தான் கிடந்தது.

"யாரு போட்டது?"

சதோமி வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தாள்.

"நேத்து நீங்க சந்தைக்குக் கிளம்பினதும் மாமாவே இருந்த மூட்டையெல்லாம் போட்டாரு. சாயங்காலமே அவருக்கு அது ஞாபகம் இல்லை. இன்னொரு தடவை விழுந்தா குளோவர் அடியோட போயிடும். அதுக்காக, 'போட்டதை மறந்துட்டாரு'ன்னு ஓபாரா எதிர்ல சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கும் கேப்பாரு. நாளைக்கும் மறிச்சுக்கிட்டு நிப்பேன்!"