மலர்த்திய கைகள்

துறைமுகச் சங்கு திடீரென அலறுகிறது. ‘தொழிலாளியை முதலில் மனிதனாக மதியுங்கள்’ என்று கரும்பலகையில் எழுதும் யோகலிங்கத்தின் கையில் சோக்கட்டி ஒடிகிறது. இருபது வருடம் துறைமுக வாசலில் ஆள் சேர்த்தவர் அவர். முகத்தைப் பாராமல் உள்ளங்கையைத் தடவி, காய்ப்பு இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பியவர். இப்போது மேற்பார்வையாளர்களுக்குப் பாடம் எடுக்கிறார். இன்றைய பாடத்துக்கு உதாரணம் காட்ட, மூட்டை தூக்கும் ஸஹாப்தீனைக் காரணம் சொல்லாமல் அழைப்பித்திருக்கிறார். கதவடியில் தயங்கி நிற்கும் அவரிடம் போய், கைகுலுக்கக் கையை நீட்டுகிறார். ஸஹாப்தீனின் நரைத்த தாடியில் வியர்வை மினுங்குகிறது. கைகளை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்து, இரண்டையும் மலர்த்தி, சன்னல் வெளிச்சத்தில் காட்டுகிறார். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீட்டிய கையை மடக்கத் தெரியாமல், காது சூடேற நிற்கிறார் யோகலிங்கம்.

“காய்ப்பு இன்னும் கிடக்குது சேர். என்னை வேலையால நிப்பாட்டிப் போடாதீங்க.”