மருந்தில் சேராதவர்கள்

அருளானந்தத்தின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கும். கொழுப்பு மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அதில் எட்டு வருஷமாகக் குடும்பத்தோடு குடியிருந்தன.

தொண்டைப் புண்ணுக்காக அவர் ஒருநாள் புது டாக்டரிடம் போனார்.

“வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க.”

கொழுப்பு மாத்திரைக்குப் பெருமை தாங்கவில்லை. “பார்த்தியா தம்பி, நம்மளை அவர் மருந்தாவே நினைக்கல. காலைக் காப்பி மாதிரி ஆயிட்டோம்.”

“கேட்டப்ப சொல்லியிருக்கலாம்ணே” என்றது பிரஷர் மாத்திரை.

சாயங்காலம் தொண்டை மாத்திரை டப்பாவுக்குள் வந்து விழுந்தது. கொழுப்பு மாத்திரையைக் கண்டதும் பதறிப்போனது.

“ஐயா, நீங்க இருக்கிறதை யாருமே சொல்லலியே! ஈரல்தானே உங்களைக் கரைச்சு வெளியே அனுப்புது? நான் உள்ளே போனா அந்த வேலை நின்னுடும். நீங்க உடம்பிலேயே தேங்கி, சதையை அரிச்சிடுவீங்க.”

“நானா? அவர் நெஞ்சைக் காப்பாத்தற வம்சம் எங்களோடது!”

“நீங்கதான் ஐயா.”

ஐந்தாம் நாள் அருளானந்தத்தால் படியேற முடியவில்லை. தொடை இரண்டும் அடித்துப் போட்டதுபோல் வலித்தன. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவரிடம் டாக்டரம்மா குனிந்து கேட்டார்: “தொண்டை மாத்திரை தவிர வேற மருந்து ஏதாவது?”

டப்பாவுக்குள் கொழுப்பு மாத்திரை மூடியில் முட்டி மோதிக் கத்தியது. “இருக்கேன்! நான் இருக்கேன்!”

சட்டைப் பையில் ஏதோ கடகடத்தது அவருக்கும் கேட்டது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“ஒண்ணும் இல்லீங்கம்மா.”