நாரில் ஒரு சிவப்பு

அக்காவின் விரலில் துணி சுற்றியிருந்தது.

காலையில் அது இல்லை.

என்ன காயம் என்று கேட்டிருக்கலாம். ஆவுடை கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும். அக்கா குழலி வாயைத் திறந்தாலே பாதி பொய், மீதி சிரிப்பு.

கூடத்தில் அந்தப் பெரிய கண்ணாடி. அதன் முன்னால் இரண்டு மணை. நடுவில் பித்தளைத் தட்டு. தட்டில் இரண்டு வாழையிலைப் பொட்டலம்.

ஒன்றில் அக்கா அவளுக்காகக் கட்டிய பிச்சிப்பூச் சரம். இன்னொன்றில் அவள் அக்காவுக்காகக் கட்டியது.

இந்த வீட்டின் வழக்கம் அது. இளைய பெண்ணுக்குப் பதினாறு முடிகிற அன்று, விளக்கு வைக்கிற நேரம், ஒருத்தி கட்டிய பூவை இன்னொருத்தி சூடிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார வேண்டும். எவள் தலையில் பூ முதலில் வாடுகிறதோ, அவளைக் கண்ணாடி எடுத்துக்கொள்ளும். மற்றவளுக்கு வீடு.

வீடாம் வீடு! யாருக்கு வேண்டும் இந்த இருட்டுக் குகை?

விட்டுப் போகவும் வழியில்லை. இரண்டு பெண்களையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு அப்பா மலையிறங்கிப் பார்த்தார். எந்த வளைவில் திரும்பினாலும் இதே வாசல்தான் எதிரே வந்து நின்றது. கடைசியில் மலையிறங்குவதை விட்டுவிட்டுக் குடிக்கத் தொடங்கினார்.

கண்ணாடிக்குள் சித்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தங்கை. இன்னும் பதினாறு வயதுதான். தலையில் காய்ந்துபோன பூ.

அந்தக் கூடத்தில் அம்மா எப்போதும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள்.

ஆவுடை மறுபடி அக்காவின் விரலைப் பார்த்தாள்.

விரல் மட்டுமா? காலையிலிருந்து குழலியின் போக்கே சரியில்லை. யாரையும் தொடவிடாத புதுப் பாவாடையைத் தூக்கி அவளிடம் கொடுத்தாள். கொலுசைக் கழற்றி அவள் பெட்டியில் போட்டாள். சாப்பிடும்போது தன் அப்பளத்தை அவள் தட்டுக்கு நகர்த்தினாள். அப்பளத்துக்காக அடித்துக்கொள்ளாத நாள் உண்டா இந்த வீட்டில்?

வெட்டப்போகிற ஆட்டுக்குத் தழை காட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மந்திரம் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு பேருக்கும் போட்டிதான். அக்காவின் கொலுசை ஒருமுறை அவள் ஊமையாக்கினாள். பதிலுக்கு அக்கா அவள் குரலைக் காக்கைக் குரலாக்கி, வீடு முழுக்கக் கரைய வைத்தாள். அவள் கரைந்துகொண்டே அழ, அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு பேரில் ஒருத்திகூட லேசுப்பட்டவள் இல்லை.

ஆனால் அதெல்லாம் விளையாட்டு. இது அப்படியா?

இன்று ஆவுடை எந்த மந்திர வேலையும் செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. நாரைக் கையில் எடுத்ததும் ஆசை வரத்தான் செய்தது. ஒரே ஒரு சொல் போதும், அக்கா தலையில் பூ கருகிவிடும். சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டாள். வெறும் பூவைத்தான் கட்டினாள்.

அக்காவும் விழுங்கியிருப்பாளா?

ஜன்னல் கதவு படீரென்று அடித்தது. சாரல்.

அம்மா எண்ணெய் எடுக்கப் போயிருந்தாள். குழலி எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள்.

ஆவுடை தனக்கான பொட்டலத்தைப் பிரித்தாள்.

நெருக்கமான கட்டு. குழலியின் கை அப்படித்தான், காற்றுகூட நுழையாது. நாரின் நுனியில் சிவப்பு.

ரத்தம்.

ரத்தம் தோய்ந்த நார் சொன்ன சொல் கேட்கும். மந்திரத்தில் முதல் பாடமே அதுதான்.

அடிப்பாவி! கூடப் பிறந்தவளுக்கா?

யோசிக்க நேரமில்லை. இந்த இலையில் இருந்தது அந்த இலைக்குப் போயிற்று. அதில் இருந்தது இங்கே வந்தது. குழலி திரும்புவதற்குள் இரண்டு பொட்டலமும் பழையபடி மூடிக் கிடந்தன.

நீ செய்ததை நீயே சூடிக்கொள்.

பூ வைக்கும்போது இருவரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், விளக்கு எரியும்வரை திறக்கக்கூடாது. அம்மா இரண்டு தலையிலும் ஹேர்பின் குத்தினாள்.

தீக்குச்சி உரசும் சத்தம். நமுத்த குச்சி. பிடிக்கவில்லை. மறுபடி உரசினாள்.

அப்போது ஒரு கை தேடி வந்து ஆவுடையின் கையைப் பிடித்தது. துணி சுற்றிய விரல். சின்ன வயதில் இடி இடித்தால் குழலி பிடித்துக்கொள்வாளே, அதே பிடி.

"பயப்படாதட்டி ஆவுடை. ஒனக்கு ஒண்ணும் ஆவாது."

அந்தக் குரலில் பொய் இல்லை. சிரிப்பும் இல்லை.

குச்சி பிடித்தது. விளக்கு எரிந்தது.

ஆவுடை கண்ணைத் திறந்தாள்.

கண்ணாடியில் குழலியின் பூ அப்போதுதான் பறித்ததுபோல் இருந்தது. மூடியிருந்த மொட்டுகள்கூட ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன.

ஆவுடையின் தலையில் ஒரு பூ பழுப்பேறித் தொங்கியது. பிறகு அடுத்தது.

குழலி கண்ணாடியையே பார்த்தாள். மெல்லக் கையைத் தூக்கிப் பின்னந்தலையைத் தடவினாள். அந்த நெருக்கமான கட்டில் விரல் நின்றது.

"ஏட்டி... இது ஒனக்குல்லா கட்டுனேன்."

சரத்தைப் பிடித்து இழுத்தாள். முடிதான் கொத்தாக வந்தது. பூ வரவில்லை.

ஆவுடை எதுவோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா என்பது மட்டும்தான் வந்தது.

கண்ணாடிக்குள் சித்தி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.