மாதம் ஒரு தப்பு

“கதவு பச்சையாம், பச்சை! நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தான் பேசறேன். நீலம்! சுத்தமான நீலம்! பத்திரிகை நடத்தறீங்களா, கதை விடறீங்களா?”

டொக்கென்று போன் வைக்கப்பட்டது.

உதவி ஆசிரியைக்கு முகம் சுண்டிப்போயிற்று. மாசா மாசம் இதே குரல், இதே திட்டு. பாவம், ஒரு கால்புள்ளி இடம் மாறினாலே ராத்தூக்கம் போய்விடுகிற ரகம் அவள்.

‘இந்த மாதம் மனசுக்கு’ என்ற அந்தப் பக்கத்தை எழுதுவது ரசனை அக்கா. ஆபீசில் எல்லோரும் வைத்த பெயர் அதுதான். எந்த இசையைக் கேட்கலாம், எந்த ஓவியத்தின் முன்னால் கொஞ்சம் நிற்கலாம், எந்தத் தெருவில் சும்மா நடக்கலாம் என்று மாதத்துக்கு ஒரு முறை சொல்வார். படித்தால் பாத்திரம் தேய்க்கிற கைகூட மெதுவாகிவிடும். அப்படி ஒரு எழுத்து. ஆனால் மாதம் ஒரு தப்பு மட்டும் தவறவே தவறாது.

“போய்ப் பார்க்காமலே வீட்டுல உட்கார்ந்து அளந்து விடறாங்கம்மா” என்றார் ஆசிரியர். “இன்னொரு தப்பு வரட்டும், அந்தப் பக்கத்துக்கு மங்களம் பாடிடறேன். அக்காகிட்ட சொல்லிடு.”

அந்தக் கதவை நேரில் பார்த்துவிட ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கிளம்பிவிட்டாள். இசைப் பள்ளிக்குப் பின்பக்கச் சந்து. அக்கா எழுதியிருந்த அதே கல் பெஞ்ச், அதே ஜன்னல். கதவு மட்டும் நீலம்.

‘அடக் கடவுளே, இத்தனை நாளா நல்லா ஏமாத்தியிருக்காங்க!’ என்று பல்லைக் கடித்தாள்.

அப்போது உள்ளே யாரோ புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்தார்கள். பழகுகிற மூச்சு. பாதியில் தடுமாறும், மறுபடி முதலிலிருந்து வரும். மஞ்சள் வெயில் சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எதற்கு வந்தோம் என்பதே அவளுக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. பெஞ்சில் ஒரு பெரியவர். மடியில் அவர்கள் பத்திரிகை. கண் மூடியிருந்தது, கால் கட்டைவிரல் மட்டும் தாளம் போட்டது.

யாரோ கையைப் பிடித்து மெதுவாகச் சுவரோரம் இழுத்தார்கள். பார்த்தால் ரசனை அக்கா!

“ஷ்… சத்தம் போடாதேம்மா.”

“கதவைப் பாருங்கக்கா! இது பச்சையா?”

“நீலம்னு எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை இங்கே வந்து நின்னிருக்கேன்!”

“பின்னே ஏன்க்கா?”

அக்கா பெஞ்சைக் கண்ணால் காட்டினார். “அவர் என் வீட்டுக்காரர். போன்ல உன்னைத் திட்டறாரே, அவரேதான். அந்தப் பக்கத்தை எழுதறது நான்னு அவருக்குத் தெரியாது.”

அவள் பெரியவரை மறுபடி எட்டிப் பார்த்தாள்.

“அச்சகத்துல புரூஃப் பார்த்துப் பிழை திருத்தினவர்ம்மா. ஓய்வு கொடுத்து அனுப்பினதும் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். பாட்டுக் கேட்கலாம் வாங்கன்னேன், காத்தாட நடக்கலாம் வாங்கன்னேன். மனுஷன் அசையணுமே! ஒரு மாசம் நிஜமாவே ஒரு தப்பு விட்டுட்டேன். துள்ளி எழுந்து, சட்டையை மாட்டிக்கிட்டு, சரிபார்க்கறேன்னு கிளம்பிட்டார். திரும்பி வரும்போது வாயில ஒரு பாட்டு. நான் அடுப்படியில நின்னு அழுதேன்.”

“அதுலேருந்து…”

“அதுலேருந்து மாசத்துக்கு ஒண்ணு. தப்பு பிடிக்கத்தான் முதல் தடவை வர்றார். இடம் பிடிச்சுட்டா அப்புறம் தானாவே வர்றார், பாரேன்.”

ஆசிரியர் சொன்னதை அவள் மென்று விழுங்கிச் சொன்னாள். அக்காவின் முகம் வாடிவிட்டது.

“பக்கமே போயிட்டா அவர் எங்கேம்மா கிளம்புவார்? வேண்டாம். அடுத்த மாசம் சுத்தமா எழுதித் தர்றேன்” என்றார். “சுத்தமா இருந்தாலும் எழுந்திருக்க மாட்டாரே, அதான்…”

சொன்னபடியே சுத்தமாகத்தான் எழுதிக் கொடுத்தார். ஓவியக் கூடம், வாசலில் கல் சிங்கம், உள்ளே அலையே இல்லாத ஒரு கடல் ஓவியம். உதவி ஆசிரியை தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சிங்கம் சிங்கமாகவே இருந்தது. கடல் முன்னால் நின்றவளுக்கு வீடு திரும்ப மனசே வரவில்லை.

பத்திரிகை வெளிவந்தது. போன் அலறியது. இந்த முறை ஆசிரியரே எடுத்துத் தொலைத்தார். அந்தக் குரல் பக்கத்து மேஜை வரை கேட்டது.

“வாசல்ல கல் யானையாம்! தும்பிக்கையைத் தேடித் தேடிக் கட்டடத்தையே சுத்தி வந்தேன்யா. அது சிங்கம்! உள்ளே ஒரு கடல் இருக்கு, அதை மட்டும் ஒழுங்கா எழுதியிருக்கீங்க. நாளைக்கு மறுபடி போறேன்.”

ஆசிரியர் போனை வைத்தார். “போதும்மா போதும். அக்கா பக்கத்தை நிறுத்திடு.”

“அக்கா சிங்கம்னுதான் எழுதியிருந்தாங்க சார்.” கைப்பிரதியை அவர் முன்னால் வைத்தாள். “யானையாக்கினது நான்.”

“நீயா? ஒரு புள்ளி விட்டுப்போனாலே ஊரைக் கூட்டறவளாச்சே நீ!”

“கை தவறிடுச்சு சார்.”

“சிங்கம் யானையாகற அளவுக்கா கை தவறும்?” ஆசிரியர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “இனிமே இந்தப் பக்கத்துல தப்பு வந்தா அக்காவைக் கேட்க மாட்டேன், உன்னைத்தான் கேட்பேன்.”

“என்னையே கேளுங்க சார்.”

தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். அடுத்த மாதப் பக்கம் வந்திருந்தது. மரப்பாலம், குளம், காலைப் பனியில் மிதக்கிற வெள்ளை வாத்துகள். இரண்டு தடவை ரசித்துப் படித்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்துப் பிழையைக்கூட விடாத அந்தப் பேனாவை எடுத்து, ‘வெள்ளை’யை அடித்துவிட்டு ‘கறுப்பு’ என்று எழுதினாள்.